ராத்திரி இரண்டு மணி மாத்திரை

திருப்பாதிரிப்புலியூரில் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பரைத் தொடாமல் தாண்ட முடியாது. கல்லைக் கட்டிக் கடலில் போட்டும் மூழ்காமல் அவர் கரையேறிய இடம் இந்த ஊர் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரே அதற்குச் சாட்சி. ஆனால் அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. தருமசேனர் என்ற பெயரோடு இங்கே சமண மடத்தில் இருந்தபோது அவருக்குச் சூலை நோய் வந்தது. மடத்தில் இருந்தவர்கள் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் அவர் இரவோடு இரவாகக் கிளம்பித் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் போய்ச் சேர்ந்தார்.

பக்திக்கதையை இங்கே இழுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர் விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. யாரிடம் போக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சூலை வயிற்று நோய். இந்தக் கட்டுரையின் நோய் கால் கட்டைவிரலில் வருவது. கவுட் என்று டாக்டர்கள் சொல்வது. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அவருக்கு யூரிக் ஆசிட்பா" என்பார்கள், ஏதோ அவருக்கு மட்டும்தான் அது இருப்பது போல! கீல்வாதம், முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், யூரிக் ஆசிட் நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. வலி ஆரம்பிக்கும்போதே மாத்திரை போடலாமா, இல்லை பொறுத்துப் பார்க்கலாமா?

"காலைல பாத்துக்கலாம், விடு"

காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஐம்பது வயதுக்காரர். ஏற்கெனவே இரண்டு முறை வந்து, டாக்டர் பார்த்து, கவுட்தான் என்று உறுதி செய்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை முதுநகரிலிருந்து வாங்கி வந்த நெத்திலி, மத்தி, இறால் என்று பலமான சாப்பாடு. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டைவிரல் அடியில் ஊசி குத்துவது போல ஒரு சுருக். மனைவி எழுந்து விளக்கைப் போடுகிறார்.

"என்னங்க, மறுபடியும் அதேவா? டாக்டர் குடுத்த மாத்திரைய போட்டுக்கங்க."

"சும்மா சும்மா மாத்திரை போட்டா கிட்னி போயிடும். காலைல பாத்துக்கலாம், விடு."

காலையில் என்ன ஆகும் என்பது வந்தவர்களுக்குத் தெரியும். போர்வை பட்டாலே உயிர் போகும். செருப்பு நுழையாது. பாத்ரூம் போகச் சுவரைப் பிடிக்க வேண்டும். கவுட் தாக்குதல் பொதுவாகப் பன்னிரண்டிலிருந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். மருந்து இல்லாமல் விட்டால் தானாக அடங்க ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வரை எடுக்கும். தினக்கூலிக்குப் போகிறவருக்கும், கடையில் நின்று வியாபாரம் பார்க்கிறவருக்கும், பஸ் ஓட்டுகிறவருக்கும் அந்த இரண்டு வாரம் என்பது வெறும் வலி மட்டும் இல்லை, வருமானமும்தான்.

ராத்திரி வருவதும் தற்செயல் இல்லை. 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நூற்றுக்கணக்கான நோயாளிகளின் தாக்குதல் நேரங்களைக் கணக்கெடுத்தது. நள்ளிரவு முதல் காலை எட்டு மணி வரையிலான நேரத்தில் தாக்குதல் வரும் வாய்ப்பு, பகலைவிட சுமார் 2.4 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதாவது மெடிக்கல் ஷாப் பூட்டியிருக்கும் நேரம், டாக்டர் தூங்கும் நேரம், முடிவெடுக்கிறவருக்குத் தூக்கக் கலக்கமும் பயமும் சேர்ந்திருக்கும் நேரம். அந்த நேரத்தில்தான் இந்த நோய் கதவைத் தட்டுகிறது.

ஏன் முந்த வேண்டும்?

இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்தே இருப்பது கஷ்டம். மூட்டில் ஊசி ஊசியாகப் படிகம் உருவாகலாம். அந்தப் படிகம் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கவும் கூடும். ஒருநாள் உடம்பின் காவல் செல்கள் அதைப் பார்த்துவிட்டு விழுங்கப் போகின்றன. விழுங்கிய செல் அபாயச் சங்கு ஊதுகிறது. அதைக் கேட்டு இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் கூட்டமாக வருகின்றன. வந்தவை இன்னும் சங்கு ஊதுகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் இந்தக் கூட்டத்தின் வேலை.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். கூட்டத்தை ஒழுங்கு பண்ண வேண்டுமானால் சாலையிலேயே நின்று பண்ண வேண்டும். அத்தனை பேரும் மணலில் இறங்கிய பிறகு எத்தனை போலீஸ் வந்தாலும், அது கலைகிற நேரத்தில்தான் கலையும். கவுட்டுக்குக் கொடுக்கும் கால்ச்சிசின் மாத்திரை செய்வது இந்தச் சாலை வேலையைத்தான். வெள்ளணுக்கள் நகர்வதற்கு உள்ளே இருக்கும் நுண்குழாய்களைக் கட்டவிடாமல் செய்து, கூட்டம் சேர்வதைக் குறைக்கிறது. கூட்டம் சேர்ந்து முடிந்த பிறகு போட்டால் பலன் குறைவு. ஐரோப்பிய மூட்டு மருத்துவர் சங்கம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையில் கால்ச்சிசினை அறிகுறி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கச் சொன்னது இதனால்தான்.

ஆக, ஏற்கெனவே கவுட் என்று உறுதியானவர், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை கையில் இருப்பவர், அதே இடத்தில் அதே சுருக் வந்தால் விடியும்வரை காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. பொறுத்துக்கொள்வது வீரம் என்று நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். காலையில் வலி தாங்காமல் அதே மாத்திரையைத்தான் போடப் போகிறார்கள். கூடவே ஒரு வலி ஊசியும், இரண்டு நாள் லீவும் சேரும். கிட்னியைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தள்ளிப்போட்டவர், கடைசியில் கிட்னிக்கு அதிகமாகத்தான் வேலை வைக்கிறார்.

நம்ம ஊர்ப் பூ, நம்ம ஊர் விஷம்

"அப்படியென்றால் வலி வந்ததும் நாலைந்து மாத்திரையை அள்ளிப் போட்டுவிடலாமே" என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பூவின் கதை.

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். அதன் கிழங்குக்குக் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று பெயர்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். விதைக்குத்தான் காசு, ஏற்றுமதி ஆகிறது. எதற்காக? அதில் இருக்கும் கால்ச்சிசினுக்காக. ஐரோப்பாவில் கால்ச்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து மூட்டுவலிக்கு மருந்து எடுத்தார்கள். 1820-இல் பெல்லத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அந்தச் செடியிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தார்கள். நம் செங்காந்தளிலும் அதே பொருள் இருக்கிறது.

இந்தக் கிழங்கைத் தின்று செத்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு என்பது மருத்துவ இதழ்களில் பதிவான சங்கதி. முதலில் வாந்தி, பேதி. பிறகு எலும்பு மஜ்ஜை, இதயம், கிட்னி என்று வரிசையாக நிற்கும். முறிவு மருந்து என்று ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுக்க வழக்கத்தில் ஒன்றும் இல்லை. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இவ்வளவு குறைந்த இடைவெளி உள்ள மாத்திரைகள் அதிகம் கிடையாது. அந்தப் பொருளைத்தான் ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எண்ணாமல் போடுகிறோம்!

ஒரு காலத்தில் டாக்டர்களே தாராளமாகத்தான் கொடுத்தார்கள். வலி நிற்கும் வரை, இல்லை பேதி ஆரம்பிக்கும் வரை மணிக்கு ஒன்று போடு என்பது பழைய முறை. வலி நிற்பதற்கு முன்னால் பேதி வந்துவிடும் என்பது அந்தக் காலத்து நோயாளிகளின் அனுபவம். இதைச் சோதித்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. 184 பேர், மூன்று குழு. ஒரு குழுவுக்கு ஆறு மணி நேரத்தில் மொத்தம் 4.8 மி.கி. இன்னொரு குழுவுக்கு ஒரு மணி நேரத்தில் மொத்தம் 1.8 மி.கி. மட்டும். மூன்றாவது குழுவுக்கு வெறும் மாத்திரை. எல்லாரும் வலி ஆரம்பித்த 12 மணி நேரத்துக்குள் போட்டார்கள்.

ஒரு நாளுக்குள் வலி பாதியாகக் குறைந்தவர்கள், அதிக அளவு போட்டவர்களில் சுமார் 33 சதவீதம், குறைந்த அளவு போட்டவர்களில் சுமார் 38 சதவீதம், வெறும் மாத்திரையில் 15 சதவீதம் போல. பேதி? அதிக அளவில் 77 சதவீதம், குறைந்த அளவில் 23 சதவீதம். கணக்கு தெளிவாக இருக்கிறது. அதிகம் போட்டவருக்கு அதிகம் கிடைத்தது பாத்ரூம் பயணம் மட்டுமே. அதுவும் நடக்கவே முடியாத காலோடு!

இந்த எண்களில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. சீக்கிரம் போட்டும்கூட ஒரு நாளில் பாதி வலி குறைந்தவர்கள் பத்தில் நாலு பேர்தான். மாத்திரை மந்திரம் இல்லை. "போட்டேன், கேட்கவில்லை, அதனால் இன்னும் நாலு போட்டேன்" என்பது ஆபத்தான கணக்கு. கேட்கவில்லை என்றால் அடுத்தது டாக்டரிடம் போவது, அடுத்த மாத்திரை இல்லை.

யாருக்கு இந்த அவசரம் கூடாது?

சீக்கிரம் போட வேண்டும் என்ற வாதம் எல்லாருக்கும் பொருந்தாது. இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையாகிவிடும்.

முதல் முறை வருகிறவருக்கு இது பொருந்தாது. ஒரே மூட்டு திடீரென்று சிவந்து சூடாக வீங்கினால் அது கவுட்டாகவும் இருக்கலாம், மூட்டுக்குள் சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்குக் கால் சிவந்தால் அது தோலுக்கு அடியில் பரவும் கிருமித்தொற்றாக இருக்கலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், காலில் புண், இடித்துக்கொண்ட காயம் இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால், ஏற்கெனவே கவுட் உள்ளவர்கூட அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மூட்டிலிருந்து கொஞ்சம் நீரை ஊசியில் எடுத்து விசேஷ மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் படிகம் ஊசி போலத் தெரியும். 1961-இல் அமெரிக்காவில் மக்கார்ட்டியும் ஹாலண்டரும் காட்டிய வழி அது. இன்றுவரை உறுதியான சோதனை அதுதான். இரத்தத்தில் யூரிக் ஆசிட் பார்த்து மட்டும் முடிவு கட்ட முடியாது. தாக்குதல் நடக்கும் நேரத்தில் அது நார்மலாகக் காட்டுவதும் உண்டு.

அதே போல, செக்கப்பில் யூரிக் ஆசிட் 7.4 என்று வந்ததும் வலியே இல்லாதவர் மாத்திரை தேடுவதும் தேவையில்லாத வேலை. எண்ணுக்கு வைத்தியம் வேறு, நோய்க்கு வைத்தியம் வேறு.

அடுத்து, கிட்னி பழுதானவர்கள், ஈரல் பழுதானவர்கள். கால்ச்சிசின் அவர்கள் உடம்பில் தேங்கும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்கான சில மாத்திரைகள், உறுப்பு மாற்று செய்தவர்கள் போடும் சைக்ளோஸ்போரின் இவற்றோடு சேர்ந்தால் சாதாரண அளவே விஷ அளவாகிவிடும். கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர்கள் தசை வலி வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

சரி, கால்ச்சிசின் வேண்டாம், வலி மாத்திரை போடலாமே? 2019-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் நாப்ராக்சினும் குறைந்த அளவு கால்ச்சிசினும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் வலியைக் குறைத்தன. நாப்ராக்சினில் பக்கவிளைவும் குறைவு. ஆனால் அல்சர், இதய நோய், கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரையே எதிரி. ஸ்டீராய்டும் நன்றாகக் கேட்கும், ஆனால் சர்க்கரையை ஏற்றும். ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குக் கெடுதல். பக்கத்து வீட்டுக்காரர் போட்டுச் சரியானது என்பதற்காக அதே பட்டையிலிருந்து இரண்டைக் கிள்ளி வாங்கிப் போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். மெடிக்கல் ஷாப்பில் "மூட்டுவலிக்கு ஒரு செட் குடுப்பா" என்று கேட்டு வாங்கும் காகிதப் பொட்டலத்தில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

பகலில் எடுக்க வேண்டிய முடிவு

இப்போது இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று. சீக்கிரம் போட்டால்தான் பலன். ஆனால் தப்பான ஆளுக்கு, தப்பான அளவில் போட்டால் ஆபத்து. இந்த இரண்டையும் ராத்திரி இரண்டு மணிக்கு, வலியோடு, விளக்கு வெளிச்சத்தில் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து யாராலும் எடை போட முடியாது.

எனவே அந்த முடிவை ராத்திரியில் எடுக்கவே கூடாது. வலி இல்லாத ஒரு நாளில், பகல் பதினோரு மணிக்கு, டாக்டர் முன்னால் உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும். ராத்திரியில் செய்ய வேண்டியது அதை நிறைவேற்றுவது மட்டும்தான். வெளிநாட்டு டாக்டர்கள் மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்கிறார்கள். அமெரிக்க மூட்டு மருத்துவர்களின் 2020 வழிகாட்டியும் நோயாளியே அடையாளம் கண்டு உடனே ஆரம்பிக்கும் இந்த முறையை ஆதரிக்கிறது.

நம் ஊரில் இதற்குத் தடை இரண்டு. ஒன்று, வலி நின்றதும் டாக்டரை மறந்துவிடுவது. இரண்டு, ஓ.பி. வரிசையில் மூன்று நிமிஷத்தில் இதையெல்லாம் கேட்க முடியுமா என்ற தயக்கம். தயங்க வேண்டாம். கேட்க வேண்டியவை ஐந்தே கேள்விதான். எந்த மாத்திரை? முதலில் எத்தனை, எவ்வளவு நேரம் கழித்து எத்தனை, ஒரு நாளில் அதற்கு மேல் கூடாது என்ற எல்லை எது? எத்தனை நாள்? என்ன அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும்? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும்? பதிலை ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி, மாத்திரைப் பட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிட வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ராத்திரி எழுந்து போய் எடுத்து வரப் போகிறவர் அவர்தான்.

"ஒவ்வொரு சுருக்குக்கும் மாத்திரை போட்டால் பழக்கமாகிவிடாதா?" என்று கேட்பவர்களின் பயம் முழுக்கத் தப்பு இல்லை. சில சுருக்குகள் வெறும் சுருக்குதான். ஆனால் இரண்டு மூன்று முறை அனுபவப்பட்டவர்களில் பலருக்கு எது அது, எது அது இல்லை என்று ஓரளவு தெரிந்துவிடுகிறது. போட்ட தேதியை அதே சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்தால் மிச்சக் கணக்கும் தெரியும். அந்தத் தேதிகள் வருஷத்துக்கு இரண்டைத் தாண்டினால் கேள்வியே மாறிவிடுகிறது. எப்போது மாத்திரை போடுவது என்பதை விட்டுவிட்டு, ஏன் இத்தனை முறை போட வேண்டியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கால்ச்சிசினும் வலி மாத்திரையும் கூட்டத்தைக் கலைக்கும், படிகத்தைக் கரைக்காது. படிகம் கரைய யூரிக் ஆசிட்டை 6-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருக்க வேண்டும். நெத்திலியையும் பீரையும் குறைப்பது நல்லது, ஆனால் பலருக்கு அது மட்டும் போதாது. அதற்கு அலோபியூரினால் போன்ற தினசரி மாத்திரை இருக்கிறது, 1966-இலிருந்தே. அதை உருவாக்கிய ஜெர்ட்ரூட் எலியனுக்கும் ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸுக்கும் 1988-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள். ஆரம்ப மாதங்களில் படிகம் கரையும்போது தாக்குதல் கூடக்கூடும். அதைப் பார்த்து "இந்த மாத்திரைதான் வலியைக் கிளப்புகிறது" என்று தூக்கிப் போடுபவர்கள் ஏராளம். கவுட் வைத்தியம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர் தாக்குதல் வந்தாலும் அதை நிறுத்தக் கூடாது. (தடிப்பு, தோல் உரிதல் வந்தால் மட்டும் உடனே நிறுத்தி டாக்டரிடம் ஓட வேண்டும்.)

வலியைப் பொறுப்பவரை நம் சமூகம் மெச்சுகிறது. மாத்திரையை அள்ளிப் போடுபவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது. இரண்டு பேரும் செய்வது ஒரே தப்பு. இருட்டில் முடிவெடுக்கிறார்கள். அப்பருக்கு அந்த இரவில் கிளம்ப முடிந்தது, போக வேண்டிய இடம் முன்னமே தெரிந்திருந்ததால்தான். கட்டைவிரலில் சுருக் என்றதும் எழுந்து விளக்கைப் போடும் அந்தக் குடும்பத்துக்கும் அலமாரியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தால் போதும். மாத்திரையைப் போட்டு, காலைத் தலையணையில் உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்துவிட்டு இருவரும் திரும்பப் படுக்கலாம்.

வீட்டில் அப்பாவோ மாமாவோ "யூரிக் ஆசிட்காரர்" யாராவது இருந்தால், இந்த வாரமே அவரிடம் கேளுங்கள். அந்தச் சீட்டு இருக்கிறதா?